அரை நாள் குடும்பத் தலைவன்

ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தன் வீட்டில் பருப்பு இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று தெரியாது. ஆனால் முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் போய் நின்று, "நீங்கள் வாரத்தில் எத்தனை நாள் பருப்பு சமைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, அந்த மனிதர் முழிக்கிற முழியையும் சேர்த்துக் குறித்துக்கொள்வார்கள். எனக்கு இந்த வியாதி இளம் வயதிலேயே வந்து நன்றாக முற்றியும் இருந்தது. அதனால்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கல்யாணமே ஆகாத நான், கும்மிடிப்பூண்டியில் ஒரு குடும்பத்துக்குத் தலைவனானேன். மத்தியானம் பதவி போய்விட்டது. மானம் அதற்கும் முன்பே போய்விட்டது.

அறுபதுகளின் பிற்பாதி அது. பர்மாவில் கடை கண்ணிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்ள, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த நம் ஜனங்கள் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலரை கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு முகாமில் தங்கவைத்திருந்தார்கள். இன்றைக்குப் போனால் கம்பெனியும் லாரியுமாக இரைகிற ஊர், அன்றைக்குப் பனைமரமும் கருவேல முள்ளும் ஸ்டேஷனும்தான். நடுவில் நீள நீளமாகத் தகரக் கொட்டகைகள். ஒரு கொட்டகைக்குள் பல குடும்பங்கள், குறுக்கே சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் சுவர்.

நான் திருவள்ளூர்க்காரன். அப்பாவுக்குப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம். புளியோதரையும் பொங்கலும் அவர் கையில் பேசும். நான் அந்தக் கரண்டியைப் பிடிப்பேன் என்று எதிர்பார்த்திருந்தார். நானோ எம்.ஏ. படித்துவிட்டு, மெட்ராஸில் ஒரு புரொபசரிடம் உதவியாளனாகச் சேர்ந்து, நாடு விட்டு நாடு வந்தவர்களைப் பற்றி ஆராயக் கிளம்பிவிட்டேன். "ஊரை விட்டு வந்தவாளைப் பத்தி என்னடா ஆராய்ச்சி? சோறு போடணும், அவ்வளவுதானே?" என்று அப்பா கேட்டார். நான் பரிதாபமாகச் சிரித்தேன். (அப்பாவைப் பார்த்துப் பரிதாபப்படுகிற வயது.)

எங்கள் புரொபசர் வெளிநாட்டில் படித்தவர். வாயில் எப்போதும் பைப் இருக்கும், அதிலிருந்து புகை வந்து நான் பார்த்ததில்லை. முகாமுக்கு என்னை அனுப்பும்போது அவர் உபதேசம் செய்தார். "சீனு, கேள்வி கேட்டால் பதில்தான் வரும், உண்மை வராது. அவர்களோடு இரு. அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடு, அவர்கள் நிற்கிற வரிசையில் நில். அதிகாரிகளிடம் நீ யாரென்று சொல்லிக்கொள்ளாதே. சொன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள், ஆராய்ச்சி அங்கேயே செத்துப்போகும். முக்கியமாக, எதிலும் தலையிடாதே. பார், அவ்வளவுதான்."

வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். (வீட்டிலிருந்த நிஜ வேதத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்ற குறை அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது.) முகாமில் முதலில் இருந்த அதிகாரியிடம் புரொபசரே அனுமதி வாங்கித் தந்திருந்தார். ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, விடிந்தால் முகாம், இருட்டினால் அறை என்று இருந்தேன்.

பார் என்றாரே, அந்தப் பார்ப்பதற்கே எனக்குக் கண் போதவில்லை. அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனவன் நான். அங்கே ஒருவரும் உட்காரவில்லை. துறைமுகத்தில் காதில் மூக்கில் இருந்ததைக்கூட விட்டுவிட்டு வந்த ஜனம், வந்த வாரமே இரண்டு கொட்டகைகளுக்கு நடுவிலிருந்த சந்துக்கு, ரங்கூனில் தாங்கள் இருந்த தெருவின் பெயரை வைத்துவிட்டது. அந்தத் தெருவில் ஒருவர் கண்ணாடியை ஆணியில் மாட்டி முடிவெட்ட ஆரம்பித்தார். ஒருவர் தையல் மிஷின் ஒன்றை எங்கிருந்தோ வாடகைக்குப் பிடித்தார். எண்ணெய் டின்னை வெட்டி அதில் துளசி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மணலில் ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் பர்மிய எழுத்தும் எழுதிப் பழகின. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு வீடு மாறினாலே அம்மிக்கல் எங்கே, அரிவாள்மணை எங்கே என்று மாதக் கணக்கில் தேடுகிற குடும்பத்தில் பிறந்தவன். இவர்கள் ஒரு நாட்டையே மாற்றிக்கொண்டு வந்து, மறுநாள் காலையில் வாசல் தெளித்தார்கள்.

அவர்களிலும் தெய்வானை அக்காவைப் பார்த்தால் எனக்குப் பயம் கலந்த பிரமிப்பு. முப்பது வயதுகூட இருக்காது. ரங்கூனில் புருஷன் மாரிமுத்துவோடு பலகாரக் கடை வைத்திருந்தவர். கப்பலுக்குச் சீட்டு எழுதி முடித்து, ஏறுவதற்கு முன்பே மாரிமுத்து காய்ச்சலில் போய்விட்டார். மாமியாரையும் செல்வி, மீனா என்று இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு அக்கா தனியாகக் கடல் தாண்டி வந்திருந்தார். வந்து, அரிசி மாவில் நூடுல்ஸ் மாதிரி பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி, கௌஸ்வே என்று ஒரு பர்மாப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார். அதில் மீன் போடுவார்கள். எனக்கு மட்டும் தனிச் சட்டியில் மீனில்லாமல் செய்வார். "பெருமாள் கோயில் பிள்ளைக்கு என்னால பாவம் வேணாம்" என்பார். புரொபசர் சொன்னபடி அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டுமே என்று நான் இழுத்தால், "உங்க புரொபசரை வந்து சாப்பிடச் சொல்லுங்க, ஊத்துறேன்" என்பார்.

நான் அவர்களில் ஒருவனாக மாறப் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். வேட்டியைக் கழற்றிவிட்டுக் கட்டம் போட்ட பர்மா லுங்கி கட்டினேன். நெற்றியில் அப்பா பழக்கிவிட்ட நாமத்தை இட்டுக்கொள்ளாமலே வருவேன். வெயில் தாங்காமல் என் முகம் உரிய ஆரம்பித்ததும், செல்வி தனக்காக் கட்டையை இழைத்து என் கன்னங்களில் வட்டமாக அப்பிவிட்டாள். தனக்கா என்பது ஒரு மரத்தின் பட்டை, சந்தனம் மாதிரி மஞ்சளாக இருக்கும், பர்மாவில் எல்லோரும் வெயிலுக்குப் பூசிக்கொள்வது. நாமம் இருக்க வேண்டிய முகத்தில் தனக்கா. கண்ணாடியில் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று வரவில்லை. தண்ணீர். அடிபம்பில் அடித்து, இரண்டு கையிலும் வாளியோடு கொட்டகை வரை அக்கா சிந்தாமல் நடப்பார். நான் ஒரு வாளியைத் தூக்கினால், பின்னால் வருகிறவர், முன்னால் போகிறவர், பக்கத்தில் தூங்குகிறவர் எல்லோருக்கும் தீர்த்தம் கிடைக்கும். "தம்பி தண்ணி எடுக்க வந்துட்டாருடி, துணிய எடுங்க" என்று பெண்கள் கத்துவது முகாமில் வாடிக்கையாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தெற்கே ஒரு நூல் மில்லுக்கு ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. தேர்வாகிற குடும்பத்துக்கு வேலை, குடியிருக்க வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆனால் ஒரு நிபந்தனை: குடும்பத்துக்கு வேலை செய்யக்கூடிய ஆண் தலைவர் இருக்க வேண்டும். ஆண் இல்லாத குடும்பத்தைப் பிரிப்பார்கள். தாய் பிள்ளைகளைப் பெண்கள் விடுதிக்கும், வயதானவர்களை வேறு ஒரு விடுதிக்கும் அனுப்புவார்கள். தெய்வானை அக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். "மில்லு வேலை எதுன்னாலும் நான் செய்வேன், எங்களைப் பிரிக்காதீங்க" என்றார். பழைய அதிகாரி, "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு மாற்றலாகிப் போனார். புதிதாக ஒரு தாசில்தார் வந்தார். அவரோடு டவாலி போட்ட சேவகர் கோவிந்தனும் வந்தார். இருவருக்கும் நான் யாரென்று தெரியாது. புரொபசரின் உபதேசப்படி நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில் அப்பா எனக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு பெண் பார்த்திருந்தார். முந்தைய ஞாயிறு ஊருக்குப் போனபோது, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொண் பார்க்கப் போறோம். வியாழக்கிழமையே வந்து சேர்" என்று சொல்லியிருந்தார். சரி என்றேன். அதை முழுசாக மறந்தும் போனேன். (பருப்பு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.)

வெள்ளிக்கிழமை காலை. மில்லுக்குப் பெயர் எழுதும் நாள். ஆபீஸ் வாசலிலிருந்து பனைமரம் வரை வரிசை. முகாம் வரிசைக்கு ஒரு தர்மம் உண்டு: தண்ணீருக்கோ அடுப்பைப் பார்க்கவோ போகிறவர், தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகலாம். கல் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம், யாரும் அதைத் தள்ள மாட்டார்கள். வரிசையில் ஆட்களைவிடக் கற்கள் அதிகமாக இருக்கும். அக்கா பம்புக்குப் போக வேண்டியிருந்தது. கல்லைத் தேடினார்.

"கல் எதுக்குக்கா? நான் உட்கார்றேன். வரிசையில இருக்கிற அனுபவம் எனக்கும் வேணும்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு தம்பி சிரமம்? கல்லு போதும்."

"இல்லக்கா, ஆராய்ச்சிக்கு உதவும்."

அக்கா சிரித்துக்கொண்டே குடும்ப அட்டையை என் கையில் கொடுத்தார். சின்னவள் மீனாவை என் மடியில் உட்கார வைத்துவிட்டுப் போனார். நான் லுங்கியும் தனக்காவும் மடியில் குழந்தையுமாக மண்ணில் உட்கார்ந்து, அகதியின் மனநிலையை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக வரிசை ஆமை மாதிரி நகரும். அன்று தாசில்தாருக்கு என்ன அவசரமோ, ஆபீசில் உட்காராமல் பேனாவோடு வரிசை நெடுகத் தானே நடந்து வந்துவிட்டார். கோவிந்தன் பின்னாலேயே பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எந்திரிப்பா! தொரை வந்துக்கினு கீறாரு, நீ இன்னாத்துக்கு குந்திக்கினு கீற?" என்றார் கோவிந்தன்.

எழுந்தேன். தாசில்தார் என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். அது ரங்கூனிலேயே எழுதினது, அதனால் இறந்தவர் பெயர் அடிக்கப்படாமலே இருந்தது.

"மாரிமுத்து?"

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஒவ்வொருவரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: இவர் என்னை அவர்களில் ஒருவன் என்று நம்பிவிட்டார்! புரொபசர் சொன்ன அந்த உன்னத நிலையை நான் அடைந்துவிட்டேன்! இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் பாழ். அதிகாரி ஒரு அகதியை எப்படி நடத்துகிறார் என்பதை உள்ளே இருந்து பார்க்க இதைவிட வாய்ப்பு கிடைக்குமா?

தலையாட்டினேன்.

"குடும்பத் தலைவர்?"

அதற்கும் ஆட்டினேன். கோயில் மாடு தோற்றது.

அவர் என் மீசையைப் பார்த்தார், மடியிலிருந்து இடுப்புக்கு ஏறியிருந்த மீனாவைப் பார்த்தார், எழுதினார். அடுத்தவரிடம் போய்விட்டார். கடைசி வரை எழுதி முடித்ததும், நகல் ஒன்றை அப்போதே ஜீப்பில் ஜில்லா ஆபீசுக்கு அனுப்பியும் வைத்துவிட்டார். அவ்வளவு சுறுசுறுப்பான அதிகாரியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நமக்கு வாய்த்த நேரம்.

நான் இன்னும் பெருமிதத்தில் இருக்கும்போதே, மில்லுக்குப் போகிற குடும்பத் தலைவர்களுக்குக் காலரா ஊசி என்று கம்பவுண்டர் வந்து என் வலது கையில் ஏற்றினார். கை விண்ணென்று தெறித்தது. அப்போதுதான் ஆராய்ச்சி எங்கேயோ தடம் மாறிவிட்டதாக லேசாகச் சந்தேகம் வந்தது. கோவிந்தன் வாசலில் நின்று, நாளைக் காலை லாரியில் ஏற வேண்டியவர்களின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"மாரிமுத்து! மாரிமுத்து குடும்பம்! கீறியா, பூட்டியா?"

"இருக்கேன்" என்று இடது கையைத் தூக்கினேன்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். தெய்வானை அக்காவின் இரண்டு வாளியும் தரையில் கிடந்தன. ஒரு சொட்டுகூடச் சிந்தாத அந்தக் கையிலிருந்து விழுந்திருந்தன. தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெயர் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ வரப்போவதுபோல ஒரு கணம் அந்த முகம் இருந்தது. பிறகு இல்லை.

என் ஆயுளில் அதுபோல வெட்கப்பட்டதில்லை. காலுக்குக் கீழே பூமி பிளந்தால் தேவலை என்பார்களே, நான் கும்மிடிப்பூண்டியில் உண்மையாகவே குனிந்து பார்த்தேன்.

"ஏன் தம்பி தலையாட்டுனீங்க?" என்று கேட்டார் அக்கா. கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"புரொபசர் சொன்னார்க்கா…"

"கல்லை வச்சிருந்தா தலையாட்டியிருக்காது."

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. விஷயம் விளங்கியதும் ஆளுக்கு ஒரு யோசனை. தையல்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "தெய்வானை, பேசாம இரு. எழுதியாச்சு. நாளைக்கு லாரில ஏறி ரயிலுக்குப் போயிருங்க. வழியில ஒரு ஸ்டேஷன்ல தம்பி இறங்கிக்கட்டும். மில்லு போய்ச் சேர்ந்தப்புறம் புருஷன் ஓடிட்டான்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப்போறா?"

நான் உணர்ச்சிவசப்பட்டேன். "நான் வரேன்க்கா! மில் வரைக்கும் வரேன். வேணும்னா ஒரு வருஷம் நூல்கூட நூக்கறேன்!" என்றேன். ஊசி போட்ட கையைத் தூக்க முடியாததால் இடது கையால் சத்தியம் செய்தேன்.

 அக்கா மீனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் குடும்பம் பிரியும். மூடினால் மாமியாரும் பிள்ளைகளும் கையோடு இருப்பார்கள். அதை அவர் நிறுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அவர் பேருல இன்னொருத்தரா…" என்று மட்டும் முணுமுணுத்தார்.

அந்த நேரம் பார்த்து, பன்னிரண்டு திருமண்ணும் பஞ்சகச்சமுமாக, கையில் ஒரு பையோடு, வெயிலில் வேர்த்து விறுவிறுத்து முகாமுக்குள் நுழைந்தவர் என் அப்பா. வியாழக்கிழமை வராத பிள்ளையைத் தேடி விடிகாலை ரயிலேறி வந்திருக்கிறார்.

"இங்கே ஸ்ரீநிவாசன்னு ஒரு பிள்ளை… ஆராய்ச்சி பண்றவன்…"

கோவிந்தன் யோசித்தார். "அப்டி யாரும் இல்லியே ஐயரே."

"ஐயர் இல்லை, ஐயங்கார்."

"இன்னாவோ ஒண்ணு. சீனிவாசன்னு லிஸ்டுலயே இல்ல. நல்லா தேடிப் பாத்துக்கோ நைனா."

அப்பா தேடிப் பார்த்தார். கூட்டத்தின் நடுவில், கட்டம் போட்ட லுங்கி, கன்னத்தில் இரண்டு மஞ்சள் வட்டம், வெறும் நெற்றி, பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். என்னைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டதும் அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது.

"அடப்பாவி! இது என்னடா கோலம்?"

சத்தம் கேட்டுத் தாசில்தார் வெளியே வந்தார். "யார் பெரியவரே? இவனைத் தெரியுமா?"

நான் முந்திக்கொண்டேன். "சார், இவர் என் அப்பா. நான் மாரிமுத்து இல்லை, ஸ்ரீநிவாசன். ஆராய்ச்சி மாணவன்."

தாசில்தார் அப்பாவைப் பார்த்தார். "உங்க பிள்ளையா?"

கோபம் வந்தால் எல்லா அப்பாக்களும் சொல்வதை என் அப்பாவும் சொன்னார். சொன்ன இடம்தான் சரியில்லை. "இவனா? இவன் என் பிள்ளையே இல்லை!"

"பார்த்தாயா!" என்றார் தாசில்தார். "பெரியவரே சொல்லிட்டார்." பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பிரசங்கம் ஆரம்பித்தார். "கடல் தாண்டிக் கூட்டிக்கிட்டு வந்த பொண்டாட்டியை, ரெண்டு பொண் குழந்தையை, நடுத்தெருவில விட்டுட்டு ஓடப் பார்க்கிறியா? உனக்கு வெட்கமா இல்லை? நீ ஸ்ரீநிவாசன்னா ஆதாரம் எங்கே? காட்டு!"

ஆதாரம்! ஒரு மாதமாக நான் முகாமில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. எப்போது வந்தீர்கள், எந்தக் கப்பல், என்ன காகிதம் இருக்கிறது? எல்லோரும் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து ஏதாவது காட்டுவார்கள். திருவள்ளூரில் பிறந்து, திருவள்ளூரில் வளர்ந்து, இந்த நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத எனக்கு லுங்கியில் ஒரு பைகூட இல்லை. அனுமதிக் கடிதம் மெட்ராஸில் புரொபசரிடம். நான் நான்தான் என்று சொல்லக்கூடிய அப்பாவும் கை கழுவிவிட்டார். நான் யாரென்று நிரூபிக்க முடியாமல் என் சொந்த ஜில்லாவில் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில், இவர்கள் எத்தனை மேஜைகளுக்கு முன்னால் இப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்பாவோ வேறு கணக்கில் இருந்தார். "பொண்டாட்டியா?" என்றார் ஈனஸ்வரத்தில். "ரெண்டு பொண்ணா? பெருமாளே!" பக்கத்திலிருந்த கல் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். (அது வரிசையில் யாரோ வைத்த கல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.)

தெய்வானை அக்கா முன்னால் வந்தார்.

"சார், பெரியவர் கோவத்துல பேசுறாரு. இந்தத் தம்பி அவர் பிள்ளைதான். என் புருஷன் இல்ல. என் புருஷன் ரங்கூன்லயே தவறிட்டாரு. தம்பி என் இடத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு, அம்புட்டுதான்."

கூட்டத்தில் ஒருவர் "அடிப்பாவி, கெடுத்தியே!" என்றது எல்லோருக்கும் கேட்டது.

தாசில்தார் முகம் கறுத்தது. "அப்போ உன் குடும்பத்தில ஆம்பிளையே இல்லையா? மில் கிடையாதும்மா. அடிச்சிடறேன்."

"அடிங்க சார். அடிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். காலைல இவரை எழுதினீங்களே, எதைப் பாத்து எழுதினீங்க? மில்லு வேலை தெரியுமான்னு கேட்டீங்களா? இவருக்கு ஒரு வாளி தண்ணி தூக்கத் தெரியாது சார். இந்த முகாமே சாட்சி."

முகாம் சும்மா இருக்குமா? "ஆமா சார்! தெரியாது சார்!" என்று நாலு பக்கத்திலிருந்தும் ஆமோதித்தது. முடிவெட்டுகிறவர் ஒரு படி மேலே போய், ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாகூடக் கல்லிலிருந்து எழுந்து பார்த்தார்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி. குனிந்து தூக்கினேன். ஊசி போட்ட கை. வாளி பாதி எழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, தாசில்தாரின் இரண்டு பூட்சுகளிலும் நிறைந்து வழிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பயத்தில் அடக்கிக்கொண்டார்கள். கோவிந்தன்தான் வாயைப் பொத்திக்கொண்டு, "பெரிய பேஜாரா கீதுபா" என்றார்.

அக்கா மட்டும் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். "மடியில பிள்ளை இருந்துச்சு, மூஞ்சில மீசை இருந்துச்சு, எழுதிட்டீங்க. மாமியாரையும் ரெண்டு பிள்ளையையும் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேத்தவ நான். இத்தனை நாளும் நான்தானே சார் தலைவரு? மீசையை எழுதுன பேனா என்னை எழுதாதா?"

 கையில் இருந்ததை, பொய்யாக இருந்தாலும் கையில் உறுதியாக இருந்ததை, ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றுகொண்டு இப்படிக் கேட்க ஒருவரால் முடியும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அன்று அந்த வெயிலில் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கை தூக்க வரவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்துப் பேசியது என் அப்பா. மடைப்பள்ளியில் நாலு அடுப்புக்கு அப்பால் இருக்கிறவனுக்குக் கேட்கிற குரல் அது. "எழுதுமய்யா அவ பேரை! என்ன யோசிக்கறீர்? எங்காத்துலே நான் தலைவன்னு பேருதான். நடத்தறதெல்லாம் என் ஆத்துக்காரிதான். உம்மாத்துலே எப்படி?"

தாசில்தார் ஈரப் பூட்சைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். அவருடைய சங்கடம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. இறந்துபோன ஒருவர் மில் வேலைக்குப் புறப்படுகிறார் என்று எழுதிய நகல் ஜில்லா ஆபீசுக்குப் போய்விட்டது. அடித்தால், ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள். பெயரை மட்டும் திருத்தினால் கைப்பிழை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கோவிந்தனின் முதுகில் பட்டியலை வைத்து, மாரிமுத்துவை அடித்துவிட்டு எழுதினார். எழுதிவிட்டு, "மில்காரன் திருப்பி அனுப்பினா நான் பொறுப்பில்லை" என்றார்.

"குடும்பத் தலைவரு தெய்வானை!" என்று கோவிந்தன் கூவினார். அந்தச் சந்து முழுக்க, ரங்கூன் தெருப் பெயர் வைத்த அந்தச் சந்து முழுக்கக் கைதட்டியது. அக்கா குனிந்து காலி வாளி இரண்டையும் எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனார். சமையலுக்குத் தண்ணீர் இல்லையாம்.

அப்பா பையிலிருந்து வேட்டியை எடுத்து என் மேல் எறிந்தார். முகத்தைக் கழுவி, நாமத்தை இட்டுக்கொண்டு ஓடினோம். வாசலில் அக்காவிடம் சொல்லிக்கொள்ள நின்றேன். எங்கே அவசரமாக என்று கேட்டார். பெண் பார்க்க என்றேன். "நல்லபடியா போய்ட்டு வாங்க தம்பி. அங்கயாவது அவங்க என்ன கேட்டாலும் உடனே தலையாட்டிடாதீங்க" என்றார்.

திருவல்லிக்கேணியில், "பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். ஆட்டினேன். பெண் வேதவல்லி என்னை ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் கேட்டாள்: "அன்னிக்கு உங்க காதுக்குப் பின்னாலே மஞ்சளா ஒட்டிண்டிருந்ததே, என்னது அது?" சந்தனம் என்றேன். அப்பாவும் சந்தனம்தான் என்று சாட்சி சொன்னார். (பெற்ற பிள்ளை இல்லை என்று சொன்னதற்கு அது பிராயச்சித்தம்.)

புரொபசரிடம் திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "வாளியைத் தூக்கும்போது உன் மனநிலை எப்படி இருந்தது? குறித்துக்கொண்டாயா?" பின்னால் அவர் எழுதிய தடித்த புத்தகத்தில் இது அடிக்குறிப்பாக வந்தது: 'கள உதவியாளர் ஒருவருக்கு ஏற்பட்ட சிறு அசௌகரியம்.'

எழுபதுகளில் ஒரு தை அமாவாசை. திருவள்ளூரில் குளத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு அம்மாள், இரண்டு வளர்ந்த பெண்களோடு நின்றார். மாரிமுத்துவை நினைத்துக் குளத்தில் முழுக வந்தவர், கோயிலில் அப்பாவை விசாரித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். மில்லில் இப்போது பத்துப் பெண்களுக்கு மேஸ்திரி. மாமியாரைக் கடைசிவரை தன்னோடு வைத்துக் காப்பாற்றி அனுப்பியிருந்தார். செல்வி டீச்சர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

வேதா காபி கொடுத்துவிட்டு, "இவரை எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நான் கண்ணால் ஜாடை காட்டுவதற்குள் தெய்வானை அக்கா சொல்லிவிட்டார். "இவரா? ஒரு காலைப் பொழுது இவரை எனக்குப் புருஷன்னு எழுதிட்டாங்கம்மா."

வேதா என் காதுக்குப் பின்னால் பார்த்தாள்.

அன்று முழுக்கதையும் வெளியே வந்தது. அக்கா சொல்லச் சொல்ல, அப்பா இடையிடையே சேர்க்க, வேதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாரிமுத்து என்று கூப்பிட்ட இடம் வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். கணக்கெடுப்பவரோ ரேஷன் அட்டைக்காரரோ வந்து, "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டால், உள்ளேயிருந்து யாராவது ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்கள். முதலில் வேதா வைத்தாள், பிறகு பிள்ளைகள், இப்போது பேத்தி. வந்தவர் ஒன்றும் புரியாமல் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். போன மாதம்கூட ஒருவர் வந்தார். வாளி வந்தது. நான் வாளியைப் பார்த்தேன், அவருடைய பூட்சைப் பார்த்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றேன். "தலைவர் பெயர் வேதவல்லி. எழுதிக்கொள்ளுங்கள்."